இருபத்தைந்தாம் நாள்

கவாஸ்ஜி ஒரு மாட்டுக்காரர். மராட்டிய வேளாண்குடியில் பிறந்தவர். மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்காக மாடு ஓட்டிப் போனார். 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கினார். அவர் மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பினார்கள் என்கிறது அன்றைய பதிவு. உயிரை விட்டுவைத்து மானத்தை எடுத்துக்கொள்ளும் தண்டனை அது. கை போனவரைக் கண்டு ஊர் இரக்கப்படும். மூக்கு போனவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஓராண்டுக்கும் மேலாக அப்படி வாழ்ந்த கவாஸ்ஜிக்கு, புனேவுக்குப் பக்கத்தில், செங்கல் அறுக்கும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் புதிதாக மூக்கு வைத்தார்.

மும்பை மாகாணத்தில் பணியிலிருந்த தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு ஆங்கில மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையை நேரில் பார்த்தார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியின் முகத்தை வரைந்தார். சென்னைப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ அதைப் படத்தோடு வெளியிட்டது. ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் இந்த முறையைப் பிணங்களின்மேல் செய்து பழகி, 1814இல் லண்டனில் ஒருவருக்கு அதேபோல மூக்கு அமைத்தார். 1816இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். நெற்றித் தோலை இறக்கி மூக்குச் செய்வதை மருத்துவ உலகம் இன்றும் இந்திய முறை என்றே சொல்கிறது. மாட்டுக்காரரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பார்த்தவர்களின் பெயரும் வரைந்தவரின் பெயரும் இருக்கின்றன. செய்தவரின் சாதியை எழுதிய அந்தச் செய்தி, அவர் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாத அந்தப் பெரியவரை நான் ஆசிரியராகவே மதிக்கிறேன்.

அவர் செய்த முறையைப் பாருங்கள். மெல்லிய மெழுகுத் தகட்டை அறுபட்ட மூக்கின்மேல் பொருத்தி, நல்ல மூக்கின் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு தகட்டைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அதைச் சுற்றிக் கோடு போட்டார். கோட்டுக்குள் இருந்த தோலை உரித்தெடுத்தார். ஆனால் முழுதாக எடுக்கவில்லை. இரண்டு புருவங்களுக்கும் நடுவே ஒரு சிறு துண்டை அறுக்காமல் விட்டார். பழைய மூக்கின் ஆறிப்போன தழும்பைச் சீவிப் பச்சைப் புண்ணாக்கினார். நெற்றித் தோலை அரைச்சுற்றுத் திருப்பிக் கீழே இறக்கி, கீறிய விளிம்பில் பொருத்தினார். காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணித் துண்டுகளில் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். நான்கு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்த படுக்கை. பத்தாம் நாள், துவாரம் மூடிக்கொள்ளாதிருக்க மூக்கினுள் மெல்லிய துணித் திரி. இருபத்தைந்தாம் நாள் வாக்கில், புருவங்களின் நடுவே விட்டுவைத்த அந்தச் சிறு இணைப்பை அறுத்தார்.

இந்தப் புனே நகருக்கு நான் பிழைக்க வந்து அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பிய்ந்துபோன மனிதர்களையும் ஒட்டிக்கொண்ட மனிதர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். உடம்பை ஒட்டவைக்க அந்தச் செங்கல்காரர் கடைப்பிடித்த ஒழுங்கு, குடும்பத்தையும் சமூகத்தையும் ஒட்டவைக்கவும் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். எதை வெட்டவேண்டும், எதை வெட்டக்கூடாது, எதுவரை காத்திருக்கவேண்டும், என்றைக்கு விடுவிக்கவேண்டும் என்ற நான்கும் அதில் அடங்கியிருக்கின்றன. புனேவின் வரலாறு இந்த நான்குக்கும் சாட்சி சொல்கிறது.

முதலில், தழும்பைச் சீவுதல். ஆறிய தழும்பின்மேல் எந்தத் தோலும் ஒட்டாது. மேலே மூடிக்கொண்ட தோல், இனி இங்கே வேலையில்லை என்று வாசலைச் சாத்திவிடுகிறது. சீவினால்தான் ரத்தம் கசியும். அதன்பின் உடம்பு அங்கே மராமத்து ஆட்களை அனுப்பும். வலிக்கும் என்று சீவாமல் விட்டால் மூக்கு கிடையாது.

நம் சமூகம் தன் கொடுமைகளை ஆறிய தழும்பாக்கிவிடுவதில் கெட்டிக்காரச் சமூகம். அதெல்லாம் பழகிப்போய்விட்டது, ஏன் கிளறுகிறீர்கள் என்பார்கள். 1848இல் புனேவின் பிடே வாடாவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் கிளறினார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கத் தெருவில் நடந்துபோன சாவித்திரிபாயின்மேல் சாணியையும் சேற்றையும் எறிந்தார்கள். அவர் நடப்பதை நிறுத்தவில்லை. அந்நாளில் உயர்சாதிக் குடும்பங்களில் இளம் விதவை கருவுற்றால், ஒன்று குழந்தை சாகும், அல்லது தாய் சாவாள். ஊருக்கே தெரியும், யாரும் பேசமாட்டார்கள். 1863இல் புலே தம்பதியர் அந்தத் தழும்பைச் சீவினார்கள். அப்படிப்பட்ட பெண்கள் வந்து பாதுகாப்பாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளத் தங்கள் வீட்டிலேயே இடம் கொடுத்தார்கள். தங்களைத் தாழ்ந்தவர்கள் என்று தள்ளிய சாதியின் பெண்களுக்குத்தான் அந்தக் கதவைத் திறந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கரைகிறது.

அங்கே ஒரு விதவைத் தாய்க்குப் பிறந்த பிள்ளையை அவர்கள் தத்தெடுத்தார்கள். யஷ்வந்த் என்று பெயர். வளர்ந்து மருத்துவரானார். 1897இல் புனேவைப் பிளேக் வாட்டியபோது, ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் நோயாளிகளுக்கு மருத்துவமனை நடத்தினார். நோய் கண்ட ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடிய சாவித்திரிபாய்க்கும் நோய் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று அவர் காலமானார். பிறக்கவே கூடாது என்று ஊர் நினைத்த ஒரு குழந்தை, அந்த ஊரின் நோயைத் துடைக்கும் கையாக வளர்ந்தது. வலித்தாலும் சீவியதால் வந்த பலன் இது.

இரண்டாவது, அறுக்காமல் விட்ட அந்தச் சிறு இணைப்பு. செங்கல்காரரின் வித்தையில் உயிர்நாடி இதுதான். நெற்றியிலிருந்து முழுதாக வெட்டியெடுத்த தடித்த தோல் பெரும்பாலும் கறுத்துச் செத்துவிடும். சதைக்கு உயிர் ரத்தம். புது இடத்திலிருந்து நுண்ணிய ரத்தக் குழாய்கள் முளைத்து உள்ளே நுழையும்வரை, பழைய இடத்தின் ரத்தம் அந்த ஒடுங்கிய பாதை வழியாக வந்துகொண்டே இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் வேலூரிலும் இதே உண்மையைக் காணலாம். கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்டு, 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். உரம் போகாத வேறொரு தசையின் நாண் முனையை எடுத்து விரலில் சேர்ப்பார். அந்தத் தசையின் நரம்பும் ரத்தக் குழாயும் பிறந்த இடத்திலேயே இருக்கும். வேர் அங்கே, வேலை இங்கே. வேரோடு பிடுங்கினால் அந்தத் தசையும் பயனற்றுப் போகும்.

மனிதர்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை மகரிஷி கர்வேயின் வாழ்க்கை காட்டுகிறது. பண்டித ரமாபாய் 1889இல் மும்பையில் தொடங்கி மறு ஆண்டு புனேவுக்குக் கொண்டுவந்த சாரதா சதனில் முதல் விதவை மாணவியாகச் சேர்ந்தவர் கோதுபாய். 1893இல் தோண்டோ கேசவ் கர்வே அவரை மணந்துகொண்டார். அதற்காகச் சொந்த ஊரான முருட் கர்வேயைத் தள்ளிவைத்தது. 1896இல் அவர் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1900இல் அது புனேவுக்கு வெளியே ஹிங்க்ணே கிராமத்தில் ஒரு குடிசைக்குப் போனது. ஃபெர்குசன் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் அங்கே நடந்துபோய்ப் பாடம் எடுப்பார். மறுமணம் செய்துகொண்டால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. படி, தொழில் கற்றுக்கொள், உன் காலில் நில் என்றார்.

கோதுபாயின் தங்கை பார்வதிபாய் ஆடவலேயும் இளவயதில் கணவரை இழந்தவர். அவர் மறுமணம் வேண்டாம் என்றார். மொட்டையடித்த தலையோடும் விதவைக் கோலத்தோடுமே படித்தார், இல்லத்தில் உழைத்தார், ஊர் ஊராகப் போய் அதற்குப் பணம் திரட்டினார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பல ஆண்டுகள் கழித்து, தலையை மழிப்பதில்லை என்று அவரே முடிவெடுத்தார். பிறகு அமெரிக்கா வரைக்கும் போய் வந்தார். பழைய வாழ்க்கையின் இணைப்பை அறுக்கும் நாளை அந்தப் பெண்ணே தீர்மானித்தார் என்பதைக் கவனியுங்கள். நம் சென்னையில் அதே காலத்தில், குழந்தை விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களைத் திரட்டி வளர்த்ததும் இதே வழியில்தான். திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்தப் பெண்கள் தங்கிப் படித்தார்கள்.

கொடுமையை வெட்டு; ரத்தம் ஓடும் உறவை வெட்டாதே. புலேயும் கர்வேயும் எனக்குச் சொல்லித் தந்தது இதைத்தான். ஒரு பெண்ணை மோசமான மணவாழ்விலிருந்து மீட்கிறோம் என்று, அவள் தோழிகளையும் வேலையையும் பிள்ளையின் பள்ளியையும் ஒரே நாளில் பறித்துவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மகனைக் குடியிலிருந்து மீட்கிறோம் என்று, அவன்மேல் அன்பு வைத்திருந்த ஒரே சித்தப்பாவையும் வீட்டுக்கு வரவிடாமல் செய்ததைப் பார்த்திருக்கிறேன். நோக்கம் நல்லதுதான். ஆனால் ரத்தம் வரும் பாதையைத் தெரியாமல் அறுத்துவிடுகிறோம்.

மூன்றாவது, காத்திருத்தல். புண் ஆறுவது ஒரே வேலை அல்ல, வரிசையான பல வேலைகள். முதலில் ரத்தம் உறையும். பிறகு வீங்கிச் சிவக்கும். அது கெட்ட அறிகுறி என்று நினைக்கிறோம், ஆனால் அழுக்கையும் கிருமியையும் அகற்ற வெள்ளையணுக்கள் வந்து இறங்கும் நேரம் அது. பிறகு புதுச்சதை வளரும். பிறகு மாதக்கணக்கில், அவசரத்தில் போட்ட இழைகளைப் பிரித்துச் சீராக அடுக்கும் வேலை நடக்கும். இத்தனை உழைத்தும் தழும்பு பழைய தோலின் வலிமையில் சுமார் 80 விழுக்காட்டைத்தான் எட்டும். முழுவதும் திரும்பாது.

முழுவதும் திரும்பும் உயிர்களும் உண்டு. புனேவின் அகர்கர் ஆய்வு நிலையத்தில் ஹைட்ரா என்ற நன்னீர் உயிரை வளர்த்து நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அளவே உள்ள குழாய் உடம்பு. உச்சியில் சில உணர்கொம்புகள். அதை நடுவில் வெட்டினால் மேல்பாதி காலை வளர்த்துக்கொள்ளும், கீழ்ப்பாதி தலையை வளர்த்துக்கொள்ளும். 1740களில் ஆபிரகாம் டிராம்ப்ளே இதைக் கண்டறிந்தபோது ஐரோப்பாவே திகைத்தது. வெட்டிய துண்டுக்கு எது மேல், எது கீழ் என்பது மறக்காது. உடம்பெங்கும் பிரிந்து பெருகும் ஆற்றல் கொண்ட செல்கள் ஓயாமல் வேலை செய்வதால் தழும்பே இல்லாமல் அது மீள்கிறது.

நமக்கு அந்த வரம் இல்லை. கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தாலும் மிச்சம் பருத்து இழந்த எடையை ஈடுகட்டிவிடும். வெட்டிய மடல் மட்டும் மறுபடி முளைக்காது. முறிந்த எலும்பு தழும்பில்லாமல் கூடும். இதயத்தின் தசை செத்தால் அந்த இடத்தில் தழும்புதான் நிற்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கணக்கு. சமூகத்துக்கும் அப்படித்தான். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளையை இழந்த தாய்க்கும் காலை இழந்த சிப்பாய்க்கும் அது பொய். தழும்பு இருக்கும், அதோடு வாழலாம், நன்றாகவே வாழலாம் என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை, அதனால் அதில் தெம்பும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெற்றியின் இணைப்பு அறுபடும்வரை, புது மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டதுபோலவே மூளைக்குத் தோன்றும். தோல் இடம் மாறியும் நரம்பு இன்னும் மாறவில்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். புனேவின் முத்தா ஆற்றில் வெள்ளம் வந்தால் எனக்கு வெகுகாலம் தாமிரபரணிதான் நினைவில் ஓடியது. ராஸ்தா பேட்டையில் ஒரு தமிழ்க் குரல் கேட்டால் காரணமில்லாமல் கண் கலங்கியது. பக்கத்து வீட்டு மராட்டியப் பெரியம்மா இதைக் குறையாக நினைக்கவில்லை. பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாள்தானே என்று எள்ளுருண்டையோடு வந்து நிற்பார். இன்னும் ஊர் நினைப்பா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. புதிதாக வந்த மருமகளிடமும், வேலை தேடி நம் தெருவுக்கு வந்த பீகார் இளைஞரிடமும், முதியோர் இல்லத்தில் சேர்ந்த தாத்தாவிடமும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவேண்டாம். உடம்பு வந்த வேகத்தில் உணர்வு வராது.

நான்காவது, விடுவித்தல். இணைப்பை முன்னதாக அறுத்தால் மூக்கு சாகும். அறுக்காமலே விட்டால் அது முழு மூக்காகாது, நெற்றியிலிருந்து தொங்கும் தோலாகவே நிற்கும். இன்றைய அறுவை மருத்துவர்களும் சுமார் மூன்று வாரம் பொறுத்தே அதை அறுக்கிறார்கள். செங்கல்காரர் கண்ட கணக்கு அவ்வளவு சரியானது.

வேலூரில் பால் பிராண்டு கையைச் சரிசெய்ததோடு வேலை முடியவில்லை. நிமிர்ந்த விரல்களோடு ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. கை கோணலாக இருந்தபோது கிடைத்த பிச்சையும் நின்றுபோனது. அதனால் அவர் ஒரு சிறு குடியிருப்பை அமைத்து, மரவேலை முதலிய தொழில்களைக் கற்றுக்கொடுத்தார். சம்பாதிக்கும் கையாக ஆகும்வரை சிகிச்சை முடியவில்லை என்பது அவர் கொள்கை. புனேவிலும் இதே கொள்கை வேரூன்றியிருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அங்கம் இழந்த வீரர்களுக்காக 1944இல் இங்கே ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் தொடங்கியது. கட்கியில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர்கள் உழைக்கிறார்கள், விளையாடுகிறார்கள்.

முரளிகாந்த் பேட்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சிகிச்சைக்காக நீச்சல் பழகினார். 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் அதுதான். குத்துச்சண்டை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த உடம்பில் மிச்சமிருந்த தோள்களுக்கு வேறொரு வேலை கிடைத்தது. பரிதாபத்திலேயே அவரைப் படுக்கவைத்திருந்தால் அந்தத் தோள்களின் வலு யாருக்கும் தெரிந்திருக்காது.

பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் இந்த நான்காவது பாடம்தான் கடினம். உதவி செய்வதில் நமக்கு ஓர் இன்பம் இருக்கிறது. நாம் இல்லாவிட்டால் அவன் விழுந்துவிடுவான் என்ற நினைப்பு நம்மைப் பெரிதாகக் காட்டுகிறது. ஆனால் அவன் தானே நிற்கும் நாளை மனதில் குறித்துக்கொண்டு செய்வதுதான் உதவி.

இளையவர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் அலுவலகத்திலும் இப்போது யாரோ ஒருவர் ஆறிக்கொண்டிருக்கிறார். மணமுறிவுக்குப் பின் வந்த தங்கையாக இருக்கலாம். வேலை போன நண்பனாக, சிறையிலிருந்து திரும்பிய அண்டை வீட்டுப் பையனாக இருக்கலாம். அவரிடம் போவதற்கு முன் உங்களையே கேளுங்கள். பேசாமல் மூடிவைத்த அநியாயம் ஏதாவது இவர் வாழ்க்கையில் இருக்கிறதா? இவருக்கு உயிர் எந்த உறவிலிருந்து வந்துகொண்டிருக்கிறது? இன்னும் எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும்? எப்போது நான் கையை எடுக்கவேண்டும்? இவற்றுக்கு விடை தேடிவிட்டுச் செய்யும் சிறு உதவி போதும். பெரும் பணமோ பெரும் படிப்போ தேவையில்லை. மனிதர்கள் மறுபடி எழுந்து நிற்கும்படி செய்யும் கடமை மருத்துவமனைகளுக்கும் அரசுக்கும் மட்டும் உரியதல்ல. அது உங்களுக்கும் எனக்கும் உரியது, இன்றே தொடங்கவேண்டியது.